அம்மா எடுத்த புத்தாண்டு அட்டை

எங்கள் அன்பு அம்மா கர்த்தருடைய சமுகத்துக்குச் சென்று இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. "சபைக் கமிட்டிக்குச் செயலாளர்னு ஊரெல்லாம் லெட்டர் எழுதுற, இதையும் நீயே எழுது" என்று தங்கை இந்த நினைவு மலர்ப் பக்கங்களை என் தலையில் கட்டிவிட்டாள். எழுதுகிறேன். ஆனால் அம்மாவைப் பற்றி உண்மையாக எழுதினால் என் வண்டவாளமும் கூடவே வெளியே வரும். உறவினர்களும் சபையாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது மயிலாப்பூரில், ஒரு கம்பவுண்டரின் மூத்த மகளாக. நர்ஸ் படிப்பு முடித்ததும் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். அப்பா கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட்மேன். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் காலமானார். அம்மா பத்து நாள் அழுதார், பதினோராம் நாள் வெள்ளை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அந்த ஒற்றைச் சம்பளத்தில்தான். யாரிடமும் போய் நின்றதில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஓய்வு பெற்ற பிறகாவது உட்கார்ந்து இளைப்பாறுவார் என்று பார்த்தால், முடக்குவாதம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகக் கோணிப் போயின. எத்தனையோ குழந்தைகளைக் கையில் ஏந்திய அம்மாவால் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. முழங்கால் மடங்கவில்லை. திருவிருந்துக்கு எல்லாரும் பீடத்தின் முன் முழங்கால் போடும்போது அம்மா மட்டும் நின்றபடியே அப்பமும் ரசமும் வாங்கிக்கொள்வார். டாக்டர் கொடுத்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. ஆனால் அவை இல்லாவிட்டால் எழுந்திருக்கவே முடியாது.

இனி என் வண்டவாளம்.

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்குத்தத்தமாக ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பது எங்கள் சபை வழக்கம். அட்டைகளைக் கவிழ்த்து வைத்த தாம்பாளத்தைச் செயலாளர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மாவின் விரல்களால் தட்டையாகக் கிடக்கும் அட்டையை எடுக்க முடியாது என்பதால், வருஷந்தோறும் ஓர் அட்டையை மட்டும் ஓரத்தில் தூக்கலாக நிறுத்தி வைப்பேன். ஒரு வருஷம் மட்டும் நிறுத்தி வைத்த அட்டை, நானே தேடி எடுத்தது. பரிபூரண சுகம் தருவதாகச் சொல்லும் வசனம். அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை வரட்டுமே என்றுதான் செய்தேன். சத்தியமாக வேறு எண்ணமில்லை.

அம்மா அதை வாசித்தார். கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தார். எனக்குப் பெரிய காரியம் சாதித்த திருப்தி!

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை, அம்மா காப்பி டம்ளரைக் கையில் எடுக்காமல், மேசையில் வைத்தபடியே குனிந்து வாயால் உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்தேன். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன.

"மாத்திரை போட்டியாம்மா?"

"எதுக்குடா? அன்னிக்கே நிறுத்திட்டேன். சுகம் தரேன்னு ஆண்டவரே சொன்னப்புறம் நான் மாத்திரை முழுங்கிட்டிருந்தா, அவரை நம்பலேன்னுதானே அர்த்தம்?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"வலியில துடிக்கிற பொம்பளகிட்ட 'ஒண்ணுமில்ல, இதோ ஆயிடும்'னு சொல்ற நர்ஸைக் கண்டாலே எனக்கு ஆகாது. எத்தனை பேரைத் திட்டியிருக்கேன் தெரியுமா? பெத்த பிள்ளை நீ, அதையே எனக்குப் பண்ணிட்டியேடா."

பிறகு, "ரெண்டு இட்லி வை. வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாது" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வேதத்தையும் திறக்கவில்லை. அடப்பாவி, அப்பா போனபோதுகூட அசையாத விசுவாசத்தை உன் கையாலேயே உடைத்துவிட்டாயே என்று நான் வெந்து போனேன். அம்மாவுக்கு இருந்த ஒரே பலம் அது. அது போய்விட்டால் வெறும் வலிதான் மிச்சம்.

ஞாயிறு காலை அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "ஆட்டோ கூப்பிடு. பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள போகணும்."

வழியில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மூணு நாளா யோசிச்சேன். மாத்திரை இல்லாத அந்த நாளெல்லாம் வலி ஒரு பொட்டு குறையல. ஆனா ஒரு நாள் கூட நான் தனியா கிடக்கிறேன்னு தோணல. அவர் பக்கத்துலயே இருந்தாரு. அது உன் அட்டையில எழுதியிருந்ததா? இல்லையே. அப்போ அது நீ வச்சது இல்ல."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் அழுதேன். "சரி சரி, மூக்கைத் துடைச்சுக்கோ. கமிட்டி செயலாளர் இப்படியா கோயிலுக்குள்ள போவாரு?" என்றார் அம்மா.

சபையில் எழுந்து ஒப்புக்கொள்கிறேன் என்றேன். "இப்போ வேணாம். மத்தவங்களும் அவங்கவங்க அட்டையைச் சந்தேகப்படுவாங்க. நான் போனப்புறம் சொல்லு" என்றார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற அட்டைகளில் நான் கை வைக்கவில்லை. தயவுசெய்து நம்புங்கள்.

அந்த மாதத்திலிருந்தே அம்மா புதிதாக ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். புதன்கிழமை தோறும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போவார். பஸ் படி ஏற முடியாது. கண்டக்டர் ஒரு கையைப் பிடிக்க, பின்னால் நிற்பவர் யாராவது தாங்க, எப்படியோ ஏறிவிடுவார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கேட்பது, "எங்க வலிக்குது?" ஜெபம் அதற்குப் பிறகுதான். ஒருமுறை, உடன் வந்த அம்மையார் ஒருவர் ஒரு நோயாளியிடம், "விசுவாசிச்சா நாளைக்கே எழுந்து நடப்பே" என்றாராம். "நாளைக்கு யாரு வந்து பார்க்கிறது, நீங்களா?" என்று அம்மா கேட்டதில், அந்த அம்மையார் ஒரு மாதம் பேசவில்லை.

கோணிய கையோடு, மடங்காத காலோடு, ஐந்து வருஷம். மழை கொட்டினாலும் புதன் தவறாது. நல்ல உடம்போடு இருக்கிற நான் ஒரு வருஷம்கூட அப்படி ஓடியதில்லை.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி நான்கே நாள் படுக்கை. திருவிருந்து கொடுக்க வந்த ஆயர், சுகத்துக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். "நெறைய கேட்டாச்சு ஐயா. நன்றி சொல்லிட்டு முடிங்க, உங்களுக்கு வச்ச உப்புமா ஆறுது" என்றார் அம்மா. மறுநாள் காலை, தங்கையின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போய்விட்டார்.

ஒவ்வோர் ஊசியையும் வீட்டுக்கே வந்து போட்ட அம்மாவின் பழைய வார்டுத் தோழிகளுக்கும், இறுதி ஆராதனையை நடத்திய ஆயர் ஐயாவுக்கும், பாடகர் குழுவினருக்கும், பந்தல் முதல் சாப்பாடு வரை பார்த்துக்கொண்ட மாடி வீட்டுக் குடும்பத்தாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெயர் கேட்க மறந்துவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கலைந்த பிறகும், தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். அடையாற்றுக் கரையோரக் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர். சிகிச்சையில் முடி கொட்டியிருந்தது. நீங்களும் எங்கள் சபையா என்று கேட்டேன்.

"இல்ல நைனா, நாங்க அம்மன் கும்புடுறவங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாரும் சரியாப்பூடும், சரியாப்பூடும்னு சொல்லிகினு போய்க்கினே இருப்பாங்க. உங்கம்மா ஒரு நாள் கூட அப்டி சொன்னதில்ல. வலிக்கும்னு சொல்லும். 'ஆனா ஆண்டவரு உன் பக்கத்துலயே கீறாரு'ன்னு சொல்லும். பொய்யே பேசாத மன்சி வந்து குந்திகினு அப்டி சொன்னா, நம்பாம இன்னா பண்றது?"