குண்டின் மூக்கு

துப்பாக்கி சுடும் போட்டிக்கு முதல்நாள், ஜேர்மனியின் பீலெஃபெல்டில் என் ரைபிள் தோட்டாக்களுக்கு மருந்தும் குண்டும் நானே அடைத்தேன். இடுக்கிமானி ஒவ்வொன்றுக்கும் வேறு நீளம் காட்டியது. குண்டை உள்ளே அழுத்தும் அச்சைத் திருகித் திருகித் திருத்தினேன்.

மறுநாள் என்னோடு போட்டியிடவிருந்த கழக நண்பர் பார்த்துச் சிரித்தார்.

“மூக்கையே அளக்கிறியள்? அது குண்டுக்குக் குண்டு வித்தியாசம்.”

ஒப்பளவி என்னும் துளையிட்ட சிறு உலோகத் துண்டொன்றை இடுக்கிமானியில் பூட்டினார். அதன் துளைக்குள் குண்டின் நுனி மறைந்தது; தடித்த இடத்திலிருந்து அளவு விழுந்தது. முதலில் அடைத்தவை எல்லாம் ஒரே அளவு. அச்சைத் திருகிய பிறகு அடைத்தவைதான் பிழை.

“நாளைக்கு வராமல் விடுங்கோவன், எனக்கு லேசு.”

“ஓம், கனவு காணுங்கோ. உந்த ஒப்பளவியை இங்க வைச்சிட்டுப் போங்கோ.”

பிழையானவற்றைக் கழற்றினேன். அச்சைப் பழைய இடத்துக்குத் திருப்பி, ஒவ்வொன்றாக மீண்டும் அடைத்து அளந்தேன்.