பேரனுக்குக் கொண்டுபோன ஆற்றுத் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாசம், மகளோடும் ஐந்து மாசப் பேரனோடும் அந்தமானுக்குக் கப்பல் ஏறினேன். மருமகனுக்கு அங்கே துறைமுக ஆபீஸில் வேலை. பிரசவத்துக்குத் திருநெல்வேலி வந்திருந்தவளைக் கூட்டிப்போக அவரே வந்திருந்தார். விமானத்தில் போகலாம் என்றார். "அம்புட்டு ஒசரத்துல இருந்து விழுந்தா எலும்பு பொறுக்கவே ஒரு வாரம் ஆகும் மாப்ள. கடல்னா ஒரே முழுக்கு" என்று சொல்லிக் கப்பலுக்கு மாற்றியது நான்தான்.

பிரசவம் ஆன கையோடு மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து பால் வற்றிவிட்டது. பிள்ளை டின் பால்மாவில்தான் வளர்ந்தான். மூன்றாம் மாசம் வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கண் செருகிக் கிடந்தான். கையில் நரம்பு அகப்படாமல் தலையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த நாட்களில் நான் யாரையும் கேலி பேசவில்லை.

பிழைத்து எழுந்தபோது டாக்டரம்மா சொன்னது, "கொதிக்க வச்ச தண்ணியில மட்டும் பால் கலக்குங்க" என்று. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் அதை நாங்கள், கொதிக்க வைத்த ஆற்றுத் தண்ணீர் மட்டும் என்று ஆக்கிவிட்டோம். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் தாமிரபரணிதான். மற்றதெல்லாம் கை கழுவ. மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் கூஜாவில் கொண்டுபோகிற ஜனம்.

அதனால் கப்பலுக்கும் கொண்டுபோனேன். விடியலில் படித்துறையில் ஆள் இறங்குமுன் மொண்டு, துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவிட்டு, இரண்டு வெள்ளைக் கேன்களில் ஊற்றி மூடியைத் துணியால் கட்டினேன். மகள் பால்மா டின்களையும் புட்டிகளையும் தனிப்பையில் வைத்துக்கொண்டாள். சென்னையில் கப்பல் ஏறும்போது மருமகன் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீல் வைத்த பாட்டில் தண்ணீர்.

"என்ன மாப்ள இது, மருந்தா?"

"தண்ணி அத்தே. அவசரத்துக்குப் பிள்ளைக்கு ஆகும்லா."

"தண்ணியவா வெலைக்கு வாங்கிட்டு வாரிய? அப்படியே காத்தையும் அடைச்சு வச்சிருந்தா ரெண்டு பாட்டில் வாங்கியிருக்கலாம்லா."

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். மகள் என் கட்சி. அந்தப் பெட்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் கப்பல் பைய போயிற்று. அடுக்குக் கட்டில்கள் நிறைந்த பெரிய கூடத்தில் எங்களுக்கு இடம். பக்கத்தில் கேட்கக் காது இருந்தவர்களிடமெல்லாம் என் கேன்களின் பெருமையைச் சொல்லி முடித்தேன். புட்டிக்கு நேரமானால் கேனிலிருந்து தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுப்போம். கப்பல் சமையல்காரர் மறுபடி கொதிக்க வைத்துத் தருவார்.

மறுநாள் கடல் பொங்கியது. பாதிப் பேர் வாந்தி எடுத்துக் கிடந்தார்கள். கட்டில் காலில் கட்டியிருந்த கேன் ஒன்று அறுத்துக்கொண்டு உருண்டு, மூடி தெறித்து, தண்ணீர் அத்தனையும் தரையில் ஓடியது. நான் கையால் அணை கட்டப் பார்த்தேன். இன்னொரு கேன் ஏற்கெனவே பாதிக்கு வந்திருந்தது. மறுநாள் கரை சேரும்வரை பிள்ளைக்கு அது மட்டுமட்டாக வரும். மகள் கேனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கேன்.

அன்று சாயங்காலம் ஒரு பெண் கட்டில்களைப் பிடித்துப் பிடித்து எங்களிடம் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவளாக இருப்பாள்.

"யக்கா, ஆத்துத் தண்ணி கொண்டாந்திருக்கது நீங்கதானா?"

"ஆமா. உனக்கு எந்த ஊரு தாயி?"

"ஏரலு பக்கம். அதே ஆத்தங்கரைதான். அவிய அங்கன படுத்திருக்காவ."

கடைசிக் கட்டிலைக் காட்டினாள். அவள் புருஷனைக் கப்பலுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததை நாங்களும் பார்த்திருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து தீவில் பிழைப்பு. சென்னை ஆஸ்பத்திரியில், இனி செய்ய ஒன்றுமில்லை, பிள்ளைகளிடம் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நேத்துல இருந்து எத குடுத்தாலும் உள்ள இறங்க மாட்டேங்கு. நீங்க பேசுனது காதுல விழுந்திருக்கு. ஆத்துத் தண்ணி, ஆத்துத் தண்ணிங்காவ. ஒரு வாய் இருந்தாப் போதும்."

போகிற உயிர் ஊர்த் தண்ணீர் கேட்டு, இல்லை என்று சொன்னவர்களை எங்கள் பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை. மகளைப் பார்த்தேன். அவள் கேனை இறுக்கிக்கொண்டாள்.

"யம்மா, நீதானே சொன்ன? வேற தண்ணி பிள்ளைக்குச் சேராதுன்னு. ஆஸ்பத்திரியில கெடந்தானே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. தலையில் அந்த ஊசி குத்தின இடம் இன்னும் தடித்துத்தான் இருந்தது.

வந்தவள் பேரனைப் பார்த்தாள். "பிள்ளைக்கு உள்ளதா? வேண்டாம் தாயி. தெரியாமக் கேட்டுட்டேன்" என்று அவன் பாதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

அவள் ரெண்டு கட்டில் தாண்டவில்லை. "நில்லுங்க" என்றாள் மகள். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். ஒரு வாய் என்று கேட்டதற்கு டம்ளர் நிறைய ஊற்றினாள். கப்பல் ஆட்டத்தில் சிந்தாமல் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அது பேரனுடைய ஒரு வேளைப் பால். திரும்பி வந்து கேனை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கேன் காலி. மருமகன் கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்து, ஒரு பாட்டிலின் சீலைத் திருகிக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தார். மகள் கலக்கிய பாலை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். பிள்ளை புட்டியைக் கவ்வி, முழுவதும் குடித்து, காலியான பிறகும் காற்றை உறிஞ்சினான்.

"துரோகிப் பய. ஆத்த மறந்துட்டான் பாரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. வயிற்றுக்குப் போகிறதா என்று அவன் துணியை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் கடைசிக் கட்டிலிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

தீவு பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது. பிள்ளையின் துணி நனைந்ததே தவிர வேறொன்றும் இல்லை. வயிறு இளகாமல் தூங்கினான். கப்பல் வேகம் குறைந்தபோது அந்தப் பெண் டம்ளரைத் தட்டால் மூடிக் கொண்டுவந்தாள். அழுது முடித்த முகம்.

"மூணு கரண்டி இறங்கிச்சு தாயி. 'ஏளா, நம்ம ஆத்து ருசி அப்படியே இருக்கு'ன்னாவ. பெறவு பேசல. மிச்சம் இருக்கு. பிள்ளைக்கு ஆகும்லா?"

மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிள்ளைக்குக் கொடுக்க அவளுக்கு மனசு இல்லை. கடலில் ஊற்றவும் மனசு இல்லை. என்னைப் பார்த்தாள்.

நான் வாங்கிக் குடித்தேன். பிளாஸ்டிக் கேன் வாடையும், மூடிக்குக் கட்டின பழந்துணி வாடையும். ஆறு அதில் எங்கேயும் இல்லை.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா தாயி" என்றேன். "அப்படியேதான் இருக்கு."