வெக்கைக்கு யாரு காரணம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அருமனையில் அப்படி ஒரு வெக்கை. ரெண்டு வருஷமாக மழை ஏய்த்துவிட்டது. சுதந்திரம் வந்தாச்சு, மழையைத்தான் காணோம் என்று ஊரே புலம்பிய காலம். மாப்பிள்ளையை நான் சுசீந்திரம் தேரோட்டத்தில் ஏற்கெனவே பார்த்தாச்சு. கட்டினால் இவரைத்தான் என்று மனசுக்குள் முடிவும் பண்ணியாச்சு. வெளியே சொன்னால் அம்மா தோலை உரித்திருப்பாள்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வயல்காட்டு ஊரிலிருந்து பஸ்ஸில் வெந்து வந்து இறங்கினார்கள். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அது வழக்கம். உப்புச் சேர்ந்த ஒரு வாய் உள்ளே போனால் சம்மதம் என்று அர்த்தம். அடுக்களையில் அவியலும் எரிசேரியும் ஆறிக்கொண்டு கிடந்தன.

ஜாதகம் பொருந்தியது. நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பா சும்மா இருக்கக் கூடாதா? "என்னா வெக்கை பாத்தியளா!" என்றார். தொலைஞ்சது.

"அடிக்காம என்ன செய்யும்? மலையிலெ காட்டை வெட்டி ரப்பர் நட்டா மேகம் எங்கெ வந்து தங்கும்? எங்க குளம் வெடிச்சுக் கிடக்கு," என்றார் வந்தவர். தோட்டத்துக்காக ஆள் வைத்துக் காடு வெட்டியதே அப்பாதான்.

"சூரியனுக்குச் சூடு கூடும், குறையும். அது காலம். மனுசன் நினைச்சா வானத்தைச் சூடாக்க முடியுமா?" என்றார் அப்பா.

"ஜெர்மன் சண்டைக் காலத்துலெ பெட்ரோல் கிடைக்காம பஸ்ஸெல்லாம் கரி போட்டு ஓட்டினாவளே, அந்தப் புகை எங்கவே போச்சு? உம்ம சட்டைப் பையிலயா?"

'நீங்க' போய் 'நீரு' வந்தது, 'ஓய்' வந்தது. "அப்பம் பாட்டன் காலத்துப் பஞ்சம் எப்படி வந்துது? அன்னைக்கு யாருவே ரப்பர் நட்டா?" என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார்! எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். சவத்து வெக்கை, மனுசன் கொண்டுவந்தால் என்ன, சூரியன் கொண்டுவந்தால் என்ன, என் கல்யாணத்தையா எரிக்கணும்?

"கேளும் ஓய்..." என்று கடைசியாக ஒன்று சொல்ல வாயெடுத்த மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமிக்கொண்டே பக்கத்தில் கையால் துழாவினார். ஜன்னல் படியில் இருந்த செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். இஞ்சி தட்டிப்போட்டு உப்பிட்ட மோர்.

"கை நனைச்சாச்சு," என்றார் அவர் மனைவி மெல்ல.

"ஏட்டி, நான் எங்கெ குடிச்சேன்? இந்த வெக்கை குடிக்க வச்சிட்டு. தானா நடந்தது!"

"அதெப்படி? செம்பைத் தூக்கினது சூரியனா? மனுசன் கைதானே?" என்றார் அப்பா. ரெண்டு பேரும் கட்சி மாறியது அவர்களுக்கே தெரியவில்லை.

"சரிவே, செம்பை இங்கெ கொண்டு வச்சது யாரு?" என்று கேட்டார் வந்தவர்.

அம்மா முறைத்தாள். பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாய் திறப்பது அன்றைக்குக் கிடையாது.

"நான்தான், மாமா," என்றேன்.

அவர் செம்புக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா மக்களே?" என்றார், சொந்த மகளிடம் கேட்பதுபோல.