ரயிலுக்கு மாடி கட்டியவள்

மேஜையை அவள் நெடுக்காக அறுத்தாள். இரண்டரை மீட்டர் நீளம் அப்படியே நின்றது, அகலம் பாதியாயிற்று. அறுத்தெடுத்த பாதி இருந்த இடத்தில் அண்ணனின் கட்டில் வந்தது.

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து தரும் கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. குழந்தைகள் அழாமல் இருக்க ஒரு மருத்துவர் தன் வரவேற்பறையில் வைத்திருந்த சின்ன ரயில் பழுதாகிக் குப்பைக்குப் போக இருந்தது. அவள் கேட்டு வாங்கி வந்தாள். சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு எஞ்சின். பல் ராவும் அரத்தால் சக்கரத்தில் படிந்த கறுப்பைச் சுரண்டிவிட்டாள், ஓடியது. பதினோரு வருடத்தில் அந்த ஒற்றை வட்டம் இந்த மேஜைமேல் இரண்டு தடங்களாகவும் ஒரு நிலையமாகவும் வளர்ந்து அறையை நிறைத்தது.

அண்ணன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு தன் மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. கைத்தடியோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, மெலிந்துபோன மேஜையைப் பார்த்தார். அவருடைய பெட்டி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டுக் கதவோரம் கிடந்தது.

"என்ன வாண்டு, என்னால உன் ரயிலு பாதியாப் போச்சே."

"பாதியாப் போகல அண்ணா. மாடி கட்டப் போறேன். பக்கத்துப் பக்கத்துல ஓடினது இனிமே மேலயும் கீழயும் ஓடும்."

"என்னாலயே மாடி ஏற முடியல, அது ஏறுமா?"

"ஏறும்."

"அப்ப ஏறட்டும். ஏறினப்புறம் பெட்டியப் பிரிச்சுக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் பெட்டி கட்டியபடியே இருந்தது. கயிற்றுக்கும் மூடிக்கும் நடுவே கையை விட்டுச் சட்டையை உருவி உடுத்திக்கொண்டார்.

கீழே போகும் ரயிலுக்குத் தலை இடிக்காமலிருக்க மேல்தளம் ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்தை எஞ்சின் இரண்டு மீட்டர் தூரத்தில் ஏறியாக வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருபது தூண்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மூன்று மில்லிமீட்டர் உயரம். பல் அச்சுக்கு ஊற்றும் பிளாஸ்டரிலேயே தூண்களை வார்த்தாள். உயரம் பார்க்க அவளிடம் கைகண்ட வழி இருந்தது. வேலையில் புழங்கும் மெழுகுத் தகடு ஒன்றரை மில்லி. இரண்டை அடுக்கினால் மூன்று. ராவி முடித்த தூணின் தலையில் இரண்டு தகட்டை வைத்து, அடுத்த தூணை அதன் பக்கத்தில் நிறுத்தி, சமமாகும்வரை ராவினாள். பல் வரிசையையும் இப்படித்தான் கட்டுவாள். பக்கத்துப் பல்லோடு பொருந்தினால் பல் சரி.

பதினெட்டாவது தூண் வந்தபோது மேல்தளத்தைத் தொட நிறைய மிச்சமிருந்தது. கடைசி இரண்டையும் கூடுதலாக உயர்த்திச் சரிக்கட்டினாள். மேலே மெல்லிய பிளைவுட் பட்டை, அதன்மேல் தண்டவாளம்.

ஐந்து பெட்டிகளோடு எஞ்சின் புறப்பட்டது. பதினெட்டாம் தூணில் நின்று சக்கரம் மட்டும் சுற்றியது.

"கியர் மாத்து" என்றார் அண்ணன்.

"இதுல ஏது கியர்?"

"அப்ப கீழேயிருந்தே வேகம் பிடிச்சு வா. மேட்டுல நாங்க அப்படித்தான் ஏத்துவோம்."

அவர் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. வேகமாக வந்த ரயில் திருப்பத்தில் தடம் விட்டுத் தாவியது. கடைசிப் பெட்டிகள் இரண்டும் அண்ணனின் தலையணையில் வந்து விழுந்தன.

"இறங்கறவங்கல்லாம் இறங்குங்கப்பா, வண்டி டிப்போவுக்குப் போகுது" என்றார். பெட்டிகளை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஒரு முதியோர் இல்லத்துல கீழ்த்தளத்துலயே ரூம் காலியா இருக்காம். திங்கட்கிழமை போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

ரயிலைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டால் அண்ணன் நிச்சயம் போய்விடுவார். ரயில் ஏறாமல் கிடந்தாலும் போய்விடுவார். மிச்சம் ஒரே வழி.

வெள்ளிக்கிழமை வேலைக்கூடத்தில் அந்த இரண்டு மெழுகுத் தகடுகளைச் சேர்த்து அளந்தாள். மூன்று மில்லி இல்லை. இரண்டரைதான் இருந்தது. விரல் சூட்டிலும் அழுத்தத்திலும் நசுங்கியிருந்தன. ஒவ்வொரு தூணும் அரை மில்லி குறைந்து, குறைந்ததிலிருந்து அடுத்தது குறைந்து, மொத்தக் குறையையும் கடைசி இரண்டு தூண்களின் தலையில் கட்டியிருந்தாள். மேட்டின் உச்சியில் மட்டும் ஏற்றம் இரண்டு மடங்குக்கு மேல். பல் வரிசை என்றால் எதிர்வரிசை உண்டு, கடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தூண்களுக்கு எதிர்வரிசை கிடையாது.

வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றினாள். இருபது தூண்களையும் பிடுங்கினாள்.

"கடைசி ரெண்டை மட்டும் சீவினா போதாதா?" என்றார் கணவர். அவருக்கு மருந்துக் கடையில் வேலை, எதற்கும் அரை மாத்திரையில் முடிக்கப் பார்ப்பார்.

"கடைசி ரெண்டு மேல தப்பே இல்லைங்க. தப்பு மொதல் தூணுலேர்ந்து நடந்து வந்திருக்கு."

"இப்ப மறுபடியும் இருபதா?"

"இருபதுதான். நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

"மச்சான், உங்க தங்கச்சி சின்ன வயசுலயும் இப்படித்தானா?"

"இப்ப எவ்வளவோ பரவால்ல மாப்ள" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை முழுக்க வார்த்தாள், ராவினாள். இந்த முறை எந்தத் தூணையும் பக்கத்துத் தூணோடு நிறுத்திப் பார்க்கவில்லை. எஃகு அளவுகோலை மேஜையிலேயே ஊன்றி ஒவ்வொன்றையும் அடியிலிருந்து அளந்தாள். மூன்று, ஆறு, ஒன்பது என்று அறுபதுவரை. ஞாயிறு காலை, கடி பார்க்கும் நீலத்தாளைத் தூணுக்கும் பட்டைக்கும் இடையே வைத்து அழுத்தினாள். பட்டைதான் எதிர்வரிசை. தொட்ட இடம் நீலமாகும். பதிமூன்றாவதில் நீலம் ஒட்டவில்லை. நூலளவு பள்ளம். மெழுகை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, பிளாஸ்டர் குழைத்துப் பூசினாள். காய்ந்ததும் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. மறுபடி தாள். நீலம்.

எஞ்சின் புறப்பட்டது. வேகம் கூட்டவில்லை. பத்தாவது, பதினைந்தாவது தூண். அண்ணன் கைத்தடியை ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். பதினெட்டில் சத்தம் கொஞ்சம் கனத்தது, நிற்கவில்லை. இருபதைத் தாண்டியதும் ஐந்து பெட்டிகளும் ஒவ்வொன்றாக மேல்தளத்தில் சமமாயின. கீழ்த்தடத்து ரயிலை அவள் முடுக்கிவிட்டாள். அது அடியில் இடிக்காமல் போனது.

மேல்ரயில் மூன்றாவது சுற்று வந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாண்டு, கத்தரி எங்க இருக்கு?"

அவள் பதிமூன்றாம் தூணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேஜைக்குக் கீழ பிளாஸ்டர் வெட்டற கத்தி இருக்கு பாருண்ணா. நைலான் கயிறுக்கு அதுதான் சரி."