அப்பா விரலுக்கு அளவெடுத்த ஸ்லைடு

புதிதாக வாங்கிய ஸ்லைடை, அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயை, விரலில் மாட்டி கிட்டார் கம்பிகளின் மேல் வழுக்கவிட்டேன். ஒலி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் கேட்ட பீங்கான் ஸ்லைடின் கனம் அதில் இல்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. நவம்பர் முதல் சனிக்கிழமை. பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த அம்மாவிடம் அப்பா விரலை நீட்டினார். "இந்த அளவுக்கு ஒரு குழாய் செஞ்சு கொண்டாயேன். கிறிஸ்மஸுக்கு சர்ச்சுல வாசிக்கணும்."

அம்மா நூலால் அளந்துகொண்டார். கிட்டாரை மட்டும் அவர் தொடக் கூடாது. "டியூனிங் போயிடும்" என்பார் அப்பா.

பத்து நாளில் சூளையிலிருந்து வந்த குழாய், அப்பாவின் விரலில் பாதியோடு நின்றுவிட்டது. சோப்பு போட்டும் இறங்கவில்லை.

"சுட்டா மண்ணு சுருங்குங்க" என்று அம்மா அதைத் தன் விரலில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அப்ப நீயே வாசி" என்று அப்பா எரிச்சலோடு கிட்டாரை நகர்த்தினார். கேட்டுக் கேட்டே பழகிய பாட்டை அம்மா மெதுவாக வாசித்தார். அந்தக் கிறிஸ்மஸுக்கு சர்ச்சிலும் அவர்தான்.

இன்று போனில் கேட்டேன். "அளக்கும்போதே சுருங்கும்னு தெரியாதாம்மா?"

"ஒம்போது வருஷம் மண்ணு பெசஞ்சவளுக்கு அதுகூடவா தெரியாது?" என்றார் அம்மா.