இறாலின் இடது கால்

செங்கல்பட்டு பஜாரில் போர்டு எழுதும் நூர்முகமதுவுக்கு மழையின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. எந்த போர்டும் இரண்டு ஐப்பசி தாங்கினால் அதிகம். நீலம் வெளுக்கும், சிவப்பு பழுப்பாகும், மூன்றாம் வருஷம் கடைக்காரர் ஏணியைக் கொண்டுவரச் சொல்லிவிடுவார். இருபது வருஷமாக எழுதியதை வரிசையாக நிறுத்தினால் ரயிலடியிலிருந்து கொளவாய் ஏரிக்கரை வரை போகும். இன்றைக்குப் போய்த் தேடினால் பத்து தேறாது. தான் போட்ட ஒரு கோடாவது அழியாமல் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மனைவி சம்சாத் பேகத்திடம்கூட அதைச் சொன்னதில்லை.

1956ஆம் வருஷம், மாசி மாதம் ஒரு காலையில் கோதண்டராமன் அவர் கடைக்கு வந்தார். மதராஸில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். செங்கல்பட்டிலிருந்து தினம் ரயிலில் போய்வருபவர். சனிக்கிழமையானால் பையைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறிவிடுவார். விலை போகாது என்று மீனவர்கள் ஒதுக்கியதைப் பொறுக்கி வருவதால் ஊரில் அவருக்கு நண்டு வாத்தியார் என்று பெயர்.

"மிலிட்டரி ஹோட்டல் போர்டுல இறால் போட்டது நீங்கதானே?"

"ஆமா சார். இன்னா, தப்பா கீதா?"

"பத்துக் கால் இருக்கு. எல்லாரும் ஆறோ எட்டோ போட்டுட்டு விட்டுடறாங்க."

"கடையில வாங்கியாந்து எண்ணித்தான் சார் போட்டேன். அப்பால குழம்பு வெச்சிட்டோம்."

கோதண்டராமன் சிரித்தார். பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்தார். மதுவிலக்குக் காலம். பர்மிட்டில் வாங்கிய ஸ்பிரிட்தான் என்றாலும் மூடியைத் திறக்கும் முன் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். உள்ளே நடுவிரல் நீளத்தில் ஒரு இறால். முதுகில் வரிவரியாக மேடு. நெற்றியிலிருந்து ரம்பம் போல ஒரு முள் நீண்டிருந்தது.

ஆழ்கடலில் வெயில் எட்டாத இடத்தில் வாழ்வது அது. கரைக்கு வந்ததே ஒரு சுறாவின் வயிற்றில். இது எந்த இனம் என்று தெரிய வேண்டும். அதற்கு அங்கம் அங்கமாகப் படம் வேண்டும். படம் புத்தகத்தில் அச்சாகும். கீழே வரைந்தவர் பெயரும் வரும். அந்தப் புத்தகம் உலகத்து நூலகங்களில் எல்லாம் இருக்கும் என்றார் கோதண்டராமன்.

நூர்முகமது தூரிகையைக் கீழே வைத்தார். "மழையில நனையாத எடமா சார்?"

"நனையாது."

உயிரோடு இருந்தபோது அது என்ன நிறம் என்று பிடித்தவரிடமே கேட்க வேண்டும் என்றார் நூர்முகமது. அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் மாமல்லபுரம் போனார்கள். அந்தச் சுறாவைப் பிடித்த சடையப்பன் மணலில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாடைக்காத்து தள்ளிகினு போயிடுச்சு சாரே. கயிறு அத்தினியும் உட்டும் தரை தட்டல. அங்க மாட்டுன சுறா. கண்ணு பச்சப்பசேல்னு எரியுது. வவுத்த அறுத்தா மூணு எறா. ரெண்டு கொழஞ்சு பூச்சு. இத்த என் மச்சான் வறுத்துத் துன்னுடலாம்னான். கைய தட்டி உட்டு நம்ம நண்டு வாத்தியாருக்குன்னு எடுத்து வெச்சேன்."

"இன்னா நெறம் அண்ணாத்த?"

"செவப்புன்னா செவப்பு, கல்யாணப் பொண்ணு பொடவ மாரி."

மறுநாளிலிருந்து நூர்முகமது விடிந்ததும் கோதண்டராமன் வீட்டுக்குப் போய்விடுவார். ஜன்னலோரம் பீங்கான் தட்டில் இறால், கையில் லென்ஸ். வெயில் ஏறினால் ஸ்பிரிட் ஆவியாகும், அதனால் ஒன்பது மணி வரைதான் வேலை. மூன்றாம் நாள், "முள்ளுல பல்லு பதினொண்ணு இல்ல சார், பன்னெண்டு" என்றார். கோதண்டராமன் லென்ஸை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டுதான். அன்றிலிருந்து அவர் நூர்முகமதுவின் கண்ணை நம்பிவிட்டார்.

கடைசி வேலை இரண்டாம் ஜோடிக் கால். இடது, வலது இரண்டையும் பெரிதாக வரைய வேண்டும். அந்தக் கால்களில் மணிக்கட்டு இருக்க வேண்டிய இடம் மூங்கில் போலக் கணுக்கணுவாக இருந்தது. வலது கால் வெளியே நீண்டிருந்தது, பதினேழு கணு. இடது கால் நூலாகச் சுருண்டு வயிற்றின் அடியில் கிடந்தது. இழுத்தால் ஒடியும். கைவசம் இருப்பதோ ஒரே ஒரு இறால்.

நூர்முகமது யோசிக்கவே இல்லை. போர்டு எழுதுகிறவர்கள் முகமோ மயிலோ எதுவானாலும் பாதியைத்தான் வரைவார்கள். தாளை நடுவில் மடித்து, ஊசியால் கோட்டோடு குத்தி, கரித்தூள் மூட்டையால் தட்டினால் மறு பாதி தானாக விழும். கை பழகிய வேலை. வலது காலை மடித்துத் தட்டினார். இடது கால் வந்தது. மசி ஏற்றிக் கொடுத்தார்.

கோதண்டராமன் அந்தப் படத்தைப் பழைய புத்தகம் ஒன்றோடு வைத்துப் பார்த்தார். இந்த முதுகு மேடும் இந்த முள்ளும் உள்ள இறாலை நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருந்தார். அதற்கு இரண்டு காலும் சமம் என்று போட்டிருந்தது. படத்திலும் சமம்.

"பழசுதான், நூர்முகமது. புதுசா இருக்கும்னு நினைச்சேன். பரவாயில்லை, இந்தக் கரையில முதல் தடவையா கிடைச்சிருக்குன்னு எழுதி அனுப்பிடறேன். உங்க படம் வரும்" என்றார். சொல்லிவிட்டுச் சீசாவை அலமாரியின் மேல்தட்டில், பின்வரிசையில் வைத்தார். அப்படி வைத்ததுதான் நூர்முகமதுவுக்கு என்னவோ போலிருந்தது.

நான்கு நாள் கழித்து சோடாக்கடை அப்பாசாமிக்கு போர்டு. கடையை ஆரம்பித்த அவருடைய தகப்பனார் முகம் வேண்டும் என்று ஒரு பழைய போட்டோ கொடுத்திருந்தார். நூர்முகமது எழுதிக்கொண்டுபோய் மாட்டிவிட்டு இறங்கினார். அப்பாசாமி தெருவின் மறுபக்கம் போய் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா பாய் இது? எங்க நைனாவுக்கு மரு ஒண்ணுதான். எடது கன்னத்துல. வலது பக்கத்துல கீறது யாரோடது?"

சோடா குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். "பாய் ஒண்ணு கொசுறு குட்த்துக்கீறார்!"

"மடிச்சுத் தட்டினேன் மொதலாளி. அதுவும் சேந்து விழுந்துருச்சு."

"மடிக்கிறதுக்கு நைனா இன்னா வேட்டியா?"

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நூர்முகமது சிரிக்கவில்லை. பீங்கான் தட்டும் அடியில் சுருண்டு கிடந்த நூலும் கண் முன் வந்தன. அந்தக் காலை அவர் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குப் போனார். சம்சாத் பேகம் அம்மி கழுவிக்கொண்டிருந்தார். இவர் அருகில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாங்க புதுசா?"

"ரெண்டு கையும் ஒண்ணுதானே?"

"யாரு சொன்னா? எடது கை வளையலு சுளுவா கழலும். வலது கையில சோப்பு போட்டாலும் வராது. அரைச்சு அரைச்சு மொத்தமாப் போச்சு. கல்யாணமாகி பதினாலு வருசம், இத்த இன்னிக்குத்தான் பாக்குறீங்க."

நூர்முகமது எழுந்தார். படம் வைத்த உறை திங்கட்கிழமை தபாலுக்குப் போகிறது. அன்று ஞாயிறு. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. படம் அச்சாகும், பெயர் வரும், எந்த மழையும் அதைத் தொடாது. போய்ச் சொன்னால் படம் கிழிபடும். இன்னொன்று போடச் சொல்வார்களா என்பதும் நிச்சயமில்லை. ஏமாற்றினவனிடம் யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால் படம் இருக்கும் வரை அந்தக் காலும் இருக்கும். அழியாமல் இருக்கப்போவது தான் பார்க்காத ஒரு கால். பின்வரிசைக்குப் போன சீசாவும் நினைவுக்கு வந்தது. ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்.

உறை ஒட்டித் தபால்தலையோடு மேஜையில் இருந்தது. நூர்முகமது நின்றபடியே சொன்னார்.

"எடது காலு நான் பாத்துப் போட்டது இல்ல சார். வலது காலை மடிச்சுத் தட்டினேன்."

கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முள்ளுல ஒரு பல்லு விட்டுப்போச்சுன்னு சொன்ன ஆளு நீங்க."

"ஆமா சார்."

"திட்டணும். அப்புறம் திட்டறேன். வெளிச்சம் போயிடும்." நாற்காலியில் ஏறி சீசாவை இறக்கினார்.

கோதண்டராமன் இறாலைத் தட்டில் இட்டு அவர் பக்கம் நகர்த்தினார். "நீங்களே எடுங்க" என்றார். நூர்முகமது பிஸ்மில்லா சொல்லிக் காலரிலிருந்து ஊசியை உருவினார். போர்டுத் தாளைக் குத்துகிற அதே ஊசி. சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விட்டு, மயிரிழையை விலக்குவதுபோல் விலக்கி, இடது காலை வெளியே கொண்டுவந்தார். சுருள் பிரிந்தது. பிரிந்துகொண்டே போனது. வலது காலைப் போல இரண்டு மடங்கு நீளம்.

எண்ணினார்கள். ஒருவருக்கு நாற்பது, ஒருவருக்கு நாற்பத்திரண்டு. மறுபடி சேர்ந்து வாய்விட்டு எண்ணினார்கள். நாற்பத்தொன்று. வலதில் பதினேழு, இடதில் நாற்பத்தொன்று.

கோதண்டராமன் பழைய புத்தகத்தைத் திறந்தார். பிறகு இன்னும் இரண்டு புத்தகங்களை. கடைசியில் மூடிவிட்டார்.

"இதுக்கு இன்னும் பேரே வைக்கலை, நூர்முகமது" என்றார். உறையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "நீங்க வராம இருந்திருந்தா நான் இதை அந்தப் பழசோட சேர்த்துப் புதைச்சிருப்பேன்."

"நான் மடிக்காம இருந்தா வரவே வேண்டியதில்ல சார்."

"அதுவும் சரிதான். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. முதல்லேர்ந்து போடணும்."

அவர் கடைசிவரை திட்டவில்லை.

அடுத்த வருஷம் பங்குனியில் அச்சுப் பிரதி வந்தது. இறாலுக்கு மாமல்லபுரத்தின் பெயர். முடிவில் நன்றி சொன்ன இடத்தில் சடையப்பன் பெயர் இருந்தது. படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் நூர்முகமது, செங்கல்பட்டு. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் ஆயிரம் போர்டில் எழுதிய எழுத்துகள். தன் பெயரை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். சடையப்பனிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, "துன்னாம உட்டது நல்லதாப் பூட்ச்சு" என்றார் அவர்.

திரும்பும்போது சோடாக்கடையில் இறங்கினார்.

"டாங்க்ஸு மொதலாளி."

"இன்னாத்துக்கு பாய்?"

"உங்க நைனா மருவுக்கு."

அப்பாசாமிக்கு விளங்கவில்லை. ஒரு கோலியைத் தட்டி சோடாவை நீட்டினார்.

அந்த போர்டையும் மழை விடவில்லை. இரண்டு ஐப்பசிக்கு ஒருதரம், அப்பாசாமி கூப்பிடும் முன்பே, நூர்முகமது ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். மற்ற கடைக்காரர்களுக்கு முதலில் எழுத்து, பிறகு முகம். இங்கே மட்டும் முதலில் இடது கன்னத்து மரு. அதை வைத்துவிட்டு, இறங்கி, தெருவின் மறுபக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்துதான் மற்றதைத் தொடுவார்.