என் பேப்பரைப் படித்தீர்களா?

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிஎச்டிக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூவில் பல வருடமாக நான் கேட்ட முதல் கேள்வி, "என் பேப்பரைப் படித்தீர்களா?" என்பதுதான். படித்தவர்கள் புகழ்வார்கள். படிக்காதவர்கள் இன்னும் நன்றாகப் புகழ்வார்கள். அதைக் கேட்டு நான் தலையாட்டுவேன்; ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் யானைகூட அப்படி ஆட்டியிருக்காது. ஆட்டிக்கொண்டே மார்க் போடுவேன்.

அது சைபர் செக்யூரிட்டி பற்றிய ஆராய்ச்சிப் பேப்பர். செல்போனுக்குள் நுழையும் திருட்டு ஆப்களைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தேன். ஆப்களை ஏராளமாகச் சேகரித்து, ஒரு பங்கைக் காட்டி அதற்குப் பாடம் நடத்தினேன். அது பார்க்காத மறு பங்கைக் கொடுத்துப் பரீட்சை வைத்தேன். கிட்டத்தட்ட சென்டம். அதைக் காட்டித்தான் பதவி உயர்வு வந்தது. கூடவே அறைக்கு ஏசியும் வந்தது.

போன முறை உதவித்தொகையோடு இருந்தது ஒரே ஓர் இடம். கடைசியாக வந்தவர் வத்திராயிருப்பு முத்துச்செல்வி. எம்.இ. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நூல் டெஸ்ட் செய்யும் லேப்பில் இருந்தார். வழக்கமான கேள்வியைப் போட்டேன்.

"படிச்சேன் சார். நீங்க வச்ச பரீட்சைல தப்பு இருக்கு."

பக்கத்தில் இருந்த துறைத்தலைவர் டீயைக் கீழே வைத்தார். "ஏம்மா, இது இன்டர்வியூ. தெரியும்லா?"

"தெரியும் சார். சார்தானே கேட்டாக."

பேப்பரோடு நான் இணையத்தில் போட்டிருந்த ஆப்களையும் புரோகிராமையும் லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தார்; திறந்து காட்டினார். ஒரே திருட்டு ஆப், பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டு, என் இரண்டு பங்கிலும் உட்கார்ந்திருந்தது. ஒன்றல்ல, ஜோடி ஜோடியாக. நடத்திய கணக்கையே பரீட்சையில் கேட்டிருக்கிறேன். அவற்றை நீக்கிவிட்டு அவர் ஓட்டிப் பார்த்தபோது என் புரோகிராம் ஃபெயில்.

"ஒரே ஸ்பிண்டில் நூலையே திருப்பித் திருப்பி டெஸ்ட் பண்ணுனா அம்புட்டும் நல்ல நூலாத்தான் சார் தெரியும். எங்க மில்லுல வேற வேற மிஷின்ல எடுப்போம்."

"எம்புட்டு நாளாச்சு இதுக்கு?" என்று கேட்டேன்.

"பதினோரு நாள். லேப்டாப் சூடாகுதுன்னு வீட்டுல இருந்த ஒத்த ஃபேனையும் அதுக்கு வச்சிட்டேன். அப்பா ஒரே ஏச்சு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மழை விட்டதும் மலை திடீரென்று பக்கத்தில் வந்து நிற்குமே, அதைப் பார்ப்பதுபோல வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். ஆராய்ச்சி இதழின் நிபுணர்கள் சரிபார்த்த பேப்பர் அது. மேடை மேடையாக நான் கைதட்டு வாங்கியது. மில் ஷிஃப்ட் முடித்து வந்த ஒருவர் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். அதைச் சொன்னால் இடம் போய்விடும் என்று தெரிந்தும் சொன்னார்.

அவர் வெளியே போனதும் துறைத்தலைவர் கேட்டார்: "என்னய்யா, ஏசியக் கழட்டிரலாமா?"

இடம் முத்துச்செல்விக்குத்தான் என்று அவரிடம் போனில் சொன்னேன். அவர் துள்ளிக் குதிக்கவில்லை. "உங்ககிட்ட சேரணும்னா மில் வேலைய விடணும் சார். அந்தப் பேப்பர என்ன செய்யப் போறீக?"

இரண்டு நாள் மென்று விழுங்கினேன். மூன்றாம் நாள், தவறு என்னுடையது, பேப்பரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அந்த இதழுக்கு எழுதினேன்.

புதிதாக வழிகாட்டி ஆகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். "என் பேப்பரில் எங்கே தப்பு?" என்று கேளுங்கள். புகழ்கிறவருக்கு டீ கொடுத்து அனுப்புங்கள். தப்பைக் காட்டுகிறவரை விட்டுவிடாதீர்கள்.

கடிதத்தின் நகலை முத்துச்செல்விக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சும்மா அனுப்பவில்லை. ஆராய்ச்சியில் நேர்மை பற்றி நான்கு பத்தி எழுதி, கண் கலங்குவார் என்று காத்திருந்தேன். பதில் வந்தது:

"திங்கக்கிழமை வாரேன் சார், பழைய டேட்டாவ அழிச்சிராதீக."